வேக கோரும் சிக்கன கோரும் கலந்த ப்ராசசரில் தகராறா? அறிகுறியை வைத்துப் பிழை நீக்கும் வழிமுறை

புது ப்ராசசர் போட்டாயிற்று. விண்டோஸின் டாஸ்க் மேனேஜரில் கோர்கள் (ப்ராசசருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகள்) வரிசையாகத் தெரிகின்றன. ஆனால் வேலை மட்டும் பழைய மெஷினைவிட மெதுவாக நடக்கிறது. இப்படிப் புகார் சொல்பவர்களில் பலர் உடனே பயாஸுக்குள் (கணினி துவங்கும்போதே ஓடும் அடிப்படை அமைப்பு) போய் இ-கோர்களை, அதாவது சிக்கன கோர்களை, அணைத்துவிடுகிறார்கள். சில சமயம் பிரச்சினை தீர்ந்தும் போகும். ஏன் தீர்ந்தது என்று தெரியாததால் அடுத்த மாதம் வேறு உருவத்தில் திரும்பி வரும்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது இங்கே அப்படியே பொருந்தும். இ-கோர் மெதுவாக ஓடுவது பழுதல்ல, அதை அப்படித்தான் வடிவமைத்தார்கள். எந்த வேலையை அதனிடம் அனுப்புவது என்று முடிவெடுத்த இடத்தில்தான் பெரும்பாலும் கோளாறு இருக்கும். அந்த முடிவை எடுத்தது இயங்குதளமா, பயாஸா, நீங்கள் ஓட்டும் மென்பொருளா என்று கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

## முதலில் உங்கள் சிப்பில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்

டெஸ்க்டாப்பில் இந்தக் கலப்பு பரவலானது 2021 நவம்பரில் இன்டெலின் 12-ஆம் தலைமுறை, அதாவது ஆல்டர் லேக், வந்தபோது. ஐ9-12900கே சிப்பில் 8 பி-கோர் (வேக கோர்), 8 இ-கோர். பி-கோர் ஒவ்வொன்றும் ஹைப்பர்த்ரெடிங் என்ற வசதியால் ஒரே நேரத்தில் இரண்டு த்ரெட் (வேலை இழை) ஓட்டும், இ-கோர் ஒன்றுதான் ஓட்டும். ஆக மொத்தம் 24. அடுத்த ஆண்டு 13-ஆம் தலைமுறையில் (ராப்டர் லேக்) வந்த 13900கே 8 பி, 16 இ என்று 32 த்ரெட்டுக்குப் போனது. 2024 அக்டோபரில் வந்த கோர் அல்ட்ரா 200எஸ் வரிசையில் (ஆரோ லேக்) ஹைப்பர்த்ரெடிங்கையே எடுத்துவிட்டார்கள். அதனால் கோர் அல்ட்ரா 9 285கே-யில் 24 கோர், 24 த்ரெட், அவ்வளவுதான். முந்தைய 32 இதில் 24 ஆகத் தெரிவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

பெயரை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். 12-ஆம் தலைமுறை என்றாலே கலப்பு என்று பலர் நினைக்கிறார்கள். ஐ5-12400-இல் ஆறு பி-கோர் மட்டுமே உண்டு, இ-கோர் ஒன்றுகூட இல்லை. அதில் வரும் பிரச்சினைக்கு இந்தக் கட்டுரையில் மருந்து கிடையாது. மறுபக்கம், ஏஎம்டியில் இந்தத் தொல்லையே இல்லை என்பதும் பாதி உண்மைதான். ரைசன் 5 8500ஜி-யில் இரண்டு ஜென் 4 கோரும் நான்கு ஜென் 4சி கோரும் இருக்கின்றன. இரண்டுக்கும் கட்டளைத் தொகுப்பு ஒன்றே. ஆனால் 4சி குறைந்த இடத்தில் சுருக்கி அமைத்தது, உச்ச வேகம் குறைவு. 7950எக்ஸ்3டி வேறு மாதிரிக் கலப்பு. அதைக் கேம் பகுதியில் பார்ப்போம்.

டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பகுதிக்குப் போய், சிபியு வரைபடத்தின் மேல் ரைட் கிளிக் செய்து, லாஜிக்கல் ப்ராசசர் வாரியாகப் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். ஆல்டர் லேக், ராப்டர் லேக் இரண்டிலும் பி-கோர்களின் த்ரெட்டுகள் முதலில் வரும், இ-கோர்கள் கடைசியில் வரும். ஆரோ லேக்கில் சிப்பின் உள்ளேயே பி-கோர்களையும் இ-கோர்த் தொகுதிகளையும் மாற்றி மாற்றி அடுக்கியிருப்பதால் இந்த வரிசையை நம்பக் கூடாது. ஹெச்டபிள்யூஇன்ஃபோ போன்ற கருவி ஒவ்வொரு கோரையும் அதன் வகையோடு காட்டும். லினக்ஸில், வன்பொருள் விவரங்களைக் கோப்புகளாகக் காட்டும் சிஸ்ஃபஸ் கோப்பு முறையில் பி-கோர்ப் பட்டியலும் இ-கோர்ப் பட்டியலும் தனித்தனியாக இருக்கும்.

கீழே உள்ள எதைச் செய்யும் முன்னும், ஒரே வேலையை ஒரே நிலையில் சில முறை ஓட்டி நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மாற்றுவதற்கு முன் எடுத்த அளவு இல்லாவிட்டால், மாற்றிய பின் "கொஞ்சம் வேகமானது போலத்தான் தெரிகிறது" என்பதைத் தாண்டி எதுவும் சொல்ல முடியாது.

## அறிகுறி: ஜன்னலை மினிமைஸ் செய்தால் வேலை மெதுவாகிறது

வீடியோ என்கோடிங்கோ ரெண்டரோ ஓடிக்கொண்டிருக்கிறது. நீங்கள் அதைக் கீழே இறக்கிவிட்டு பிரவுசரைத் திறக்கிறீர்கள். திரும்பி வந்து பார்த்தால் மீதி நேரம் கூடியிருக்கிறது. ஜன்னலை மேலே கொண்டுவந்ததும் வேகம் பழையபடி ஏறுகிறது.

இது விண்டோஸ் எடுக்கும் முடிவு. இன்டெல் சிப்பில் த்ரெட் டைரக்டர் என்ற பகுதி இருக்கிறது. ஒவ்வொரு த்ரெட்டும் எந்த மாதிரிக் கட்டளைகளை ஓட்டுகிறது, எந்தக் கோரில் எவ்வளவு பலன் கிடைக்கும் என்ற குறிப்பை அது இயங்குதளத்துக்குக் கொடுக்கும். குறிப்பு கொடுப்பதோடு அதன் வேலை முடிந்தது. எங்கே ஓட்டுவது என்று தீர்மானிப்பது விண்டோஸ்தான். விண்டோஸின் கணக்கில், கண்ணெதிரே இருக்கும் ஜன்னல் முக்கியம், கண்ணுக்குத் தெரியாமல் சத்தமும் போடாமல் இருக்கும் ஜன்னல் முக்கியமில்லை. நீங்கள் இரண்டு மணி நேரமாகக் காத்திருக்கும் ரெண்டர் அதற்கு யாரும் பார்க்காத ஒரு வேலை, இ-கோருக்குத் தள்ளிவிடலாம் என்று அது நினைக்கிறது.

உறுதிசெய்வது சுலபம். வேலையை ஓடவிட்டு ஜன்னலை முன்னால் வைத்து வரைபடத்தைப் பாருங்கள். பிறகு மினிமைஸ் செய்து பாருங்கள். பி-கோர்கள் காலியாகி இ-கோர்கள் மட்டும் நிரம்பினால் சந்தேகமே வேண்டாம்.

தீர்வுகளை இந்த வரிசையில் முயலுங்கள். முதலில் விண்டோஸின் பவர் மோடை அதிகபட்ச செயல்திறனுக்கு மாற்றுங்கள். பலருக்கு இதோடு சரியாகிவிடும். போதாவிட்டால் டாஸ்க் மேனேஜரில் டீட்டெயில்ஸ் பகுதியில் அந்த நிரலின் முன்னுரிமையை 'அபவ் நார்மல்' ஆக்குங்கள். 'ரியல்டைம்' பக்கம் மட்டும் போகாதீர்கள், மவுஸ்கூட நகராமல் நின்றுவிடலாம். அடுத்து, அந்த நிரலுக்குப் பக்கத்தில் பச்சை இலைக் குறி தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் அது எஃபிஷியன்சி மோடில் இருக்கிறது. ரைட் கிளிக் செய்து எடுத்துவிடுங்கள். நிரந்தரமாக வேண்டுமானால், பவர் த்ராட்லிங்கிலிருந்து (மின்சாரம் மிச்சமாக வேகத்தைக் குறைப்பதிலிருந்து) குறிப்பிட்ட நிரலை மட்டும் விலக்கும் வசதி விண்டோஸின் பவர்சிஎஃப்ஜி கட்டளையில் உண்டு.

நிரலை எழுதியவரே நீங்கள் என்றால் பயனரைத் தொந்தரவு செய்ய வேண்டியதே இல்லை. "என் வேகத்தைக் குறைக்காதே" என்று ப்ராசஸ் தொடங்கும்போதே விண்டோஸிடம் சொல்ல ஏபிஐ (நிரலுக்குள்ளிருந்து அழைக்கும் வசதி) இருக்கிறது. நீண்ட நேரம் ஓடும் மென்பொருள்கள் இன்னும் இதைப் பயன்படுத்தாமல் இருப்பது சோம்பேறித்தனம் என்றே எனக்குப் படுகிறது.

விண்டோஸ் 10-இல் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. த்ரெட் டைரக்டரின் குறிப்புகளைப் படிக்கத் தெரிந்தது விண்டோஸ் 11. பத்துக்கு அது தெரியாது. அதன் பொதுவான ஆதரவும் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. கலப்புச் சிப்பை வைத்துக்கொண்டு அதில் மல்லுக்கட்டுவது வீண்.

## அறிகுறி: எல்லாக் கோரையும் பயன்படுத்தினால் மெதுவாகிறது, குறைத்தால் வேகமாகிறது

கேட்பவருக்கு நம்பிக்கை வராத அறிகுறி இது. 10 கோரையும் கொடுத்தால் ஓடுவதைவிட 6 கோர் கொடுத்தால் சீக்கிரம் முடிகிறது. இதில் விண்டோஸையோ இன்டெலையோ குறை சொல்லிப் பயனில்லை. வேலையைச் சமமாகப் பங்கிட்ட மென்பொருள்தான் காரணம்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஹைப்பர்த்ரெடிங்கை ஒதுக்கிவிடுங்கள். ஒரு பி-கோர் ஒரு நொடியில் ஒரு பங்கு வேலையை முடிக்கும் என்று வைப்போம். குறிப்பிட்ட ஒரு வேலையில் இ-கோர் அதில் பாதிதான் செய்யும் என்றும் வைப்போம். உங்களிடம் 6 பி, 4 இ, செய்ய வேண்டியது 10 பங்கு. மென்பொருள் 10 த்ரெட் திறந்து ஆளுக்கு ஒன்று கொடுக்கிறது. பி-கோர்கள் 1 நொடியில் முடித்துவிட்டுச் சும்மா நிற்கும். இ-கோர்கள் முடிக்க 2 நொடி ஆகும். மொத்த வேலை முடிய 2 நொடி. இ-கோரே இல்லாமல் 6 பி-கோர் மட்டும் செய்திருந்தால் 10-ஐ 6-ஆல் வகுத்து 1.67 நொடி. நான்கு கோர் கூடுதலாக உழைத்ததற்குக் கிடைத்த பலன் நஷ்டம்தான்.

இதே வேலையைச் சின்னச் சின்னத் துண்டுகளாக்கி, முடித்தவர் அடுத்த துண்டை எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தால், 6 பி-கோரும் 4 அரைக் கோரும் சேர்ந்து நொடிக்கு 8 பங்கு செய்யும். 10 பங்குக்கு 1.25 நொடி. அதே சிப், அதே மின்சாரம், பங்கிட்ட விதம் மட்டும் வேறு.

இதிலிருந்து கையோடு வைத்துக்கொள்ள ஒரு விதி கிடைக்கிறது. பி-கோர் எண்ணிக்கையை மொத்தக் கோர் எண்ணிக்கையால் வகுங்கள். இ-கோரின் வேகம் பி-கோரின் வேகத்தில் அந்தப் பின்னத்தைவிடக் குறைவாக இருந்தால், சமப் பங்கீடு நஷ்டம். 6+4 சிப்பில் அந்த எல்லை 0.6. 8+8 சிப்பில் 0.5. 8+16 சிப்பில் 0.33. இ-கோர் பெருகப் பெருக எல்லை இறங்குவதைக் கவனியுங்கள். பெரிய சிப்பில் சரியாக ஓடும் ஒரு மென்பொருள் சின்ன சிப்பில் உதைப்பதற்கு இதுவே காரணம்.

எங்கெல்லாம் இது வரும்? அறிவியல் கணிப்பு நிரல்கள், அணிப் பெருக்கல் நூலகங்கள், சொந்த மெஷினில் ஓட்டும் மொழி மாதிரிகள். அந்த மொழி மாதிரிகளை ஓட்டும் லாமா.சிபிபி போன்றவற்றில் த்ரெட் எண்ணிக்கையை பி-கோர் எண்ணிக்கைக்குச் சமமாக வைத்துத் தொடங்கி, அங்கிருந்து ஒவ்வொன்றாகக் கூட்டி அளந்து பாருங்கள். வேலையைப் பல த்ரெட்டுக்குப் பிரிக்கும் ஓபன்எம்பி முறையைப் பயன்படுத்தும் நிரலில், சுழல் (லூப்) பங்கீட்டு முறையைச் சொல்லாமல் விட்டால் ஜிசிசி கம்பைலர் சமமாகத்தான் பிரிக்கும். மூல நிரல் கையில் இருந்தால் 'டைனமிக்' அல்லது 'கைடட்' என்று மாற்றுங்கள். சூழல் மாறி (நிரலுக்கு வெளியே வைக்கும் அமைப்பு) வழியாக மாற்றலாம் என்று படித்திருப்பீர்கள். சுழலில் 'ரன்டைம்' என்று எழுதியிருந்தால் மட்டுமே அது எடுபடும். இது தெரியாமல் மாறியை மாற்றி மாற்றிப் பார்த்துச் சலித்துப்போனவர்கள் உண்டு.

மூல நிரலைக் கம்பைல் செய்வது, ரெண்டரில் கட்டம் கட்டமாகப் பிரிக்கும் முறை, கோப்புகளை வரிசையாகச் சுருக்குவது போன்றவை இயல்பாகவே துண்டு துண்டாக நடப்பவை. அங்கே இந்தத் தொல்லை இராது. எல்லாக் கோரையும் தாராளமாகக் கொடுங்கள்.

ஒரு கிளைச் சிக்கலும் உண்டு. இ-கோர்கள் நான்கு நான்காகச் சேர்ந்து ஒரே எல்2 கேஷை (கோருக்குப் பக்கத்திலேயே இருக்கும் வேக நினைவகம்) பங்கிட்டுக்கொள்கின்றன. ஆல்டர் லேக்கில் நான்குக்கும் சேர்த்து 2 எம்பி, ராப்டர் லேக்கில் 4 எம்பி. நினைவகத்தை அதிகம் இழுக்கும் வேலையில், ஒரு தொகுதியில் ஒரு த்ரெட் ஓடும்போது கிடைக்கும் வேகம் நான்கு ஓடும்போது ஆளுக்குக் கிடைக்காது. அதனால் இ-கோரின் வேகம் இவ்வளவு என்று ஒற்றை எண்ணாக வைத்துக் கணக்குப் போடாதீர்கள். உங்கள் வேலையில், நிரம்பிய நிலையில் அளந்த எண்ணையே மேலே சொன்ன விதியில் போடுங்கள்.

## அறிகுறி: கேமில் திணறல், அல்லது கேமே திறக்கவில்லை

இன்டெலில் 12-ஆம் தலைமுறை வந்த புதிதில் சில பழைய கேம்கள் திறக்க மறுத்தன. கேமில் இருந்த நகல் தடுப்பு முறை இ-கோரை வேறொரு கணினி என்று தப்பாக எடுத்துக்கொண்டது. அப்புறம் கேம்களுக்கும் விண்டோஸுக்கும் திருத்தங்கள் வந்து அநேகமாக அது தீர்ந்துவிட்டது. திருத்தம் போடாத பழைய கேம் பதிப்பை வைத்திருந்தால், பயாஸில் லெகசி கேம் கம்பாட்டிபிலிட்டி என்ற வசதியை இயக்குங்கள். பிறகு ஸ்க்ரோல் லாக் விசையைத் தட்டினால் இ-கோர்கள் ஓய்வுக்குப் போகும், மறுபடி தட்டினால் திரும்பும். அந்த விசைக்கு இத்தனை வருடம் கழித்து ஒரு வேலை கிடைத்தது.

கேம் திறக்கிறது, சராசரி வேகமும் நன்றாக இருக்கிறது, நடுநடுவே மட்டும் வெட்டி வெட்டிப் போகிறது என்றால், முக்கியமான த்ரெட் ஒன்று இ-கோருக்குப் போய்த் திரும்புகிறதா என்று பார்க்க வேண்டும். டாஸ்க் மேனேஜரின் டீட்டெயில்ஸ் பகுதியில் அஃபினிட்டியை (நிரல் எந்தக் கோர்களில் ஓடலாம் என்ற அமைப்பை) பி-கோர்களுக்கு மட்டும் கட்டுப்படுத்தி ஒரு முறை ஆடிப் பாருங்கள். வெட்டு போய்விட்டால் காரணம் கிடைத்துவிட்டது. போகாவிட்டால் ஷேடர் (கிராபிக்ஸ் கார்டில் ஓடும் காட்சி நிரல்) கம்பைல் ஆவது, நினைவகம், டிரைவர் என்று வேறு பக்கம் தேடுங்கள், கோரை விட்டுவிடுங்கள். சில கேம்கள் தங்கள் ஏமாற்றுத் தடுப்பு நிரல் காரணமாக அஃபினிட்டியை மாற்ற விடாது. 14-ஆம் தலைமுறையோடு 2023-இல் இன்டெல் கொண்டுவந்த ஏபிஓ என்ற வசதி, குறிப்பிட்ட சில கேம்களுக்கு மட்டும் இந்தப் பங்கீட்டைத் தானே திருத்தும். பட்டியலில் உங்கள் கேம் இல்லாவிட்டால் அதை நிறுவி ஒன்றும் ஆகப்போவதில்லை.

இனி ஏஎம்டியின் 7950எக்ஸ்3டி. இதில் 16 கோரும் ஒரே கட்டமைப்புதான். ஆனால் ப்ராசசருக்குள்ளேயே எட்டு எட்டாக இரண்டு தனிச் சில்லுகளில் இருக்கின்றன. ஒன்றில் எல்3 கேஷ் 96 எம்பி, மற்றதில் 32 எம்பி. கேஷ் குறைந்த பக்கத்துக்கு உச்ச வேகம் அதிகம். கேம்களுக்குப் பெரும்பாலும் கேஷ் பக்கம் நல்லது. கேம் ஓடும்போது மற்றப் பக்கத்தைத் தூங்கவைப்பது சிப்செட் டிரைவரின் வேலை. எது கேம் என்று அதற்குச் சொல்வது விண்டோஸின் எக்ஸ்பாக்ஸ் கேம் பார். தேவையில்லாத குப்பை என்று கேம் பாரை நீக்கிவிட்டு, வேகம் வரவில்லை என்று தேடுபவர்கள் ஏராளம்.

ரிசோர்ஸ் மானிட்டரில் சிபியு பகுதியைத் திறந்து கேமை ஓட்டுங்கள். பாதிக் கோர்களின் மேல் 'பார்க்டு' என்று வர வேண்டும். வராவிட்டால் கேம் பாரைத் திறந்து "இது ஒரு கேம்" என்று நினைவில் வைக்கச் சொல்லுங்கள். சிப்செட் டிரைவரைப் புதிதாக நிறுவுங்கள். பவர் பிளான் 'பேலன்ஸ்டு' நிலையில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

இங்கே நின்று கவனிக்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. முதல் அறிகுறிக்கு 'அதிகபட்ச செயல்திறன்' என்று சொன்னேன். எக்ஸ்3டி சிப்பில் அதே போக்கில் பவர் பிளானை 'ஹை பெர்ஃபார்மன்ஸ்' ஆக்கினால் கோர்கள் தூங்கவே மாட்டா, கேம் பாட்டுக்கு இரண்டு சில்லுக்கும் அலையும். எந்தச் சிப் என்று பார்க்காமல் யாரோ சொன்ன அமைப்புகளை அப்படியே போடுவதால் வரும் கேடு இதுதான். அறிகுறி ஒன்றாக இருந்தாலும் மருந்து சிப்புக்குச் சிப் மாறும்.

## அறிகுறி: திடீரென்று நிரல் விழுகிறது

மெதுவாவது வேறு, விழுவது (கிராஷ் ஆகி நின்றுபோவது) வேறு. கோர்ப் பங்கீடு தவறினால் வேகம்தான் குறையும், நிரல் விழக் கூடாது. விழுந்தால் கீழே உள்ள இரண்டையும் முதலில் பாருங்கள்.

13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் சிப்பில், கிராபிக்ஸ் கார்டில் நினைவகம் தாராளமாக இருக்கும்போதே "வீடியோ நினைவகம் போதவில்லை" என்று கேம் நின்றால், அல்லது பெரிய சுருக்கக் கோப்பை விரிக்கும்போது ஒரு முறை பிழை, மறுமுறை சரி என்று மாறி மாறி வந்தால், சிப்பையே சந்தேகியுங்கள். அளவுக்கு மீறிய மின்னழுத்தக் கோரிக்கையால் இந்தச் சிப்புகள் நாளடைவில் நிலைகுலைவதாக 2024-இல் இன்டெலே ஒப்புக்கொண்டு, அந்த ஆண்டு ஆகஸ்ட், செப்டம்பரில் மைக்ரோகோடு (சிப்பின் உள்நிரல்) திருத்தங்களை வெளியிட்டது. பெட்டியோடு விற்ற சிப்புகளுக்கு உத்தரவாதத்தை இரண்டு ஆண்டு நீட்டித்தது. பயாஸைப் புதுப்பியுங்கள். ஆனால் ஏற்கெனவே சேதமான சிப்பை மைக்ரோகோடு குணமாக்காது. புதுப்பித்த பின்னும் விழுந்தால் உத்தரவாதத்தில் மாற்றிக்கொள்வதுதான் வழி. இதற்காக இ-கோரை அணைத்து நாட்களை வீணாக்காதீர்கள்.

இரண்டாவது, "சட்டவிரோதக் கட்டளை" என்ற பிழை. ஆல்டர் லேக்கின் பி-கோருக்குள் ஏவிஎக்ஸ்-512 (ஒரே கட்டளையில் பல எண்களைக் கணிக்கும் தொகுப்பு) இருந்தது, இ-கோரில் இல்லை. அதனால் இரண்டும் சேர்ந்து ஓடும்போது அதை மூடி வைத்தார்கள். ஆரம்பகாலத்துச் சில பயாஸ்களில் இ-கோர்களை அணைத்தால் அதைத் திறக்க முடிந்தது. பிற்பாடு இன்டெல் அந்த வழியையும் அடைத்துவிட்டது. அந்தக் காலத்தில், அந்த மெஷினிலேயே, அந்த மெஷினுக்கென்று தொகுத்த (கம்பைல் செய்த) நிரல் இன்னும் உங்களிடம் இருந்தால், இ-கோரைத் திரும்ப இயக்கியதும் அல்லது பயாஸைப் புதுப்பித்ததும் அது விழும். மறுபடி தொகுத்தால் சரியாகிவிடும்.

## அறிகுறி: விர்ச்சுவல் மெஷின் ஆமை வேகத்தில் நகர்கிறது

மேசைக் கணினியில் ஓட்டும் விர்ச்சுவல் மெஷின் (கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினி) என்றால் முதல் அறிகுறியின் இன்னொரு முகம்தான். ஜன்னல் பின்னால் போனதும் மொத்த விர்ச்சுவல் மெஷினும் இ-கோருக்குப் போகிறது. மருந்தும் அதே.

சர்வர் போலப் பயன்படுத்தினால் கதை வேறு. எல்லாக் கோரும் ஒரே மாதிரி இருக்கும் என்று எதிர்பார்த்து எழுதிய விஎம்வேர் இஎஸ்எக்ஸ்ஐ (விர்ச்சுவல் மெஷின்களை ஓட்டும் சர்வர் மென்பொருள்), கலப்புச் சிப்பில் துவங்கும்போதே ஊதாத் திரையோடு நிற்கும். சோதனையைத் தளர்த்தும் துவக்க அமைப்பு உண்டு. ஆனால் முக்கியமான வேலைக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அங்கே இ-கோரை அணைப்பதே நேர்மையான தீர்வு. லினக்ஸின் விர்ச்சுவல் மெஷின் வசதியான கேவிஎம்மில் ஒரு விர்ச்சுவல் மெஷினின் கோர்கள் அனைத்தையும் ஒரே வகைக் கோர்களில் கட்டிவையுங்கள். உள்ளே இருக்கும் இயங்குதளத்துக்கு வெளியே எந்தக் கோர் என்று தெரியாது. அது எல்லாம் சமம் என்று நினைத்துப் பங்கிடும், நாம் மேலே போட்ட 6+4 கணக்கு அங்கேயும் நடக்கும்.

## அறிகுறி: ஒலிப்பதிவில் டப் டப் என்ற சத்தம்

பஃபர் (ஒலியை முன்கூட்டிச் சேர்த்து வைக்கும் இடம்) அளவை ஒரு படி கூட்டுங்கள். போகாவிட்டால் ஒலி மென்பொருளை பி-கோர்களில் கட்டுங்கள். அதற்கும் போகாவிட்டால் நெட்வொர்க் அல்லது கிராபிக்ஸ் டிரைவரின் தாமதத்தைத் தேடுங்கள். இதில் கோர்ப் பங்கீட்டைவிட டிரைவர்கள் மாட்டுவதே அதிகம்.

## அறிகுறி: ஒரே சோதனை, ஓட்டத்துக்கு ஓட்டம் வேறு எண்

நிரல் எழுதுபவர்களுக்கு மட்டும். த்ரெட் எங்கே விழுந்தது என்பதைப் பொறுத்து எண் மாறுகிறது. லினக்ஸில் டாஸ்க்செட் கட்டளையைக் கொண்டு ஒரு பி-கோரில் கட்டி ஓட்டுங்கள், பிறகு ஓர் இ-கோரில் கட்டி ஓட்டுங்கள், இரண்டையும் தனித்தனியாகவே எழுதிவையுங்கள். செயல்திறனை அளக்கும் பெர்ஃப் கருவியும் இரண்டு வகைக்கும் தனித்தனி எண்ணிகளைக் காட்டும். ஒன்றை மட்டும் பார்த்துவிட்டுப் பாதிக் கட்டளைகள் காணாமல் போய்விட்டன என்று பதற வேண்டாம்.

மேக்கில் இந்தச் சுதந்திரம் கிடையாது. ஆப்பிள் சிலிக்கானில் கோரைப் பெயர் சொல்லிக் கட்ட முடியாது, வேலையின் தரநிலையைத்தான் சொல்லலாம். பின்னணி என்று குறித்த வேலை, பி-கோர்கள் காலியாகக் கிடந்தாலும் இ-கோரில்தான் ஓடும். பேக்கப் ஏன் இவ்வளவு மெதுவாக நடக்கிறது என்று கேட்பவர்களுக்கு, அது வேண்டுமென்றே அப்படி வைத்தது என்பதே பதில்.

## இ-கோரை அணைத்தே ஆக வேண்டும் என்றால்

மேலே உள்ளவை எதுவும் பலிக்காதபோது மட்டும் செய்யுங்கள். முன்னும் பின்னும் இரண்டு அளவுகள் எடுங்கள்: ஒன்று உங்களுக்குத் தொல்லை தந்த வேலை, இன்னொன்று எல்லாக் கோரையும் நிரப்பும் ஒரு வேலை. முதலாவது கொஞ்சம் ஏறி இரண்டாவது பெருமளவு விழுந்தால் லாபமா நஷ்டமா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளலாம். ஆல்டர் லேக்கில் இ-கோர்கள் ஓடும்போது கோர்களை இணைக்கும் ரிங்கின் வேகம் இறங்கும். அவற்றை அணைத்தால் ரிங் ஏறும். "அணைத்ததும் கேம் வேகமானது" என்ற பழைய பேச்சுக்கு ஓரளவு அதுதான் அடிப்படை. ராப்டர் லேக்கில் அந்தப் பலவீனத்தைப் பெரிதும் குறைத்துவிட்டார்கள், எனவே அந்தப் பழைய ஆலோசனையைப் புதிய சிப்புக்கு எடுத்துச் செல்லாதீர்கள்.

## அறிகுறி: அடுத்த தலைமுறைச் சிப்புக்கு மாறியதும் எல்லாம் குழம்பிவிட்டது

டிஸ்கை அப்படியே புது போர்டில் மாட்டியிருந்தால் பவர் அமைப்புகளும் பழைய சிப்புக்கானவையாகவே இருக்கும். ஆரோ லேக் வந்தபோது இதன் பெரிய வடிவத்தைப் பார்த்தோம். அந்தச் சிப்புக்கான பவர் அமைப்புத் தொகுப்பு விண்டோஸில் உரிய நேரத்தில் சேராததால் கோர்ப் பங்கீடு தாறுமாறானது என்று 2024 டிசம்பரில் இன்டெல் விளக்கம் கொடுத்தது. விண்டோஸ், பயாஸ் இரண்டையும் புதுப்பித்தவர்களுக்கு அது சரியானது. ஆகவே புதுச் சிப்பை மாட்டிய முதல் வாரத்தில் வேகத்தை அளந்து தீர்ப்புச் சொல்லாதீர்கள். புதுப்பிப்புகள் அனைத்தையும் போட்டு, சிப்செட் டிரைவரை நிறுவி, முடிந்தால் விண்டோஸைப் புதிதாகவே போட்டு, அப்புறம் அளந்து பாருங்கள்.

வரப்போகும் சிப்புகளை நினைத்துப் பார்த்தால், மேலே உள்ள அறிகுறிகளில் சில மறையும், சில பெரிதாகும். ஏவிஎக்ஸ்-512 குழப்பம் மறையும் பக்கம். அதன் அடுத்த வடிவமான ஏவிஎக்ஸ்10-இன் வரையறையை 2025-இல் திருத்தியபோது, 512 பிட் அகலம் பி-கோர், இ-கோர் இரண்டுக்கும் உண்டு என்று இன்டெல் அறிவித்துவிட்டது. ஹைப்பர்த்ரெடிங் இல்லாத சிப்பில், வேலையை இ-கோருக்கு அனுப்புவதா, ஏற்கெனவே ஓடும் பி-கோரின் இரண்டாவது த்ரெட்டுக்கு அனுப்புவதா என்ற கேள்வியும் எழாது.

பெரிதாகப் போவது பங்கீட்டுச் சிக்கல். லேப்டாப்பில் 2023 இறுதியில் வந்த மெட்டியோர் லேக்கிலேயே பி, இ இரண்டோடு இன்னும் சிக்கனமான மூன்றாவது வகைக் கோர் சேர்ந்துவிட்டது. 2026 இறுதியை ஒட்டி வரும் என்று இன்டெல் சொல்லியிருக்கும் நோவா லேக் சிப் வரிசைக்குத் தயாராக நினைப்பவர்கள், புதுச் சிப்பை எண்ணிக் காத்திருப்பதைவிடத் தங்கள் ஸ்கிரிப்டுகளை இப்போதே திறந்து பார்ப்பது நல்லது. எங்கேயாவது "கோர் 0 முதல் 15 வரை" என்று எண்ணை அடித்து வைத்திருந்தால் ஆரோ லேக்கிலேயே அது தவறான கோர்களைப் பிடித்துக்கொண்டிருக்கும். "மொத்த த்ரெட்டில் பாதி" என்று எழுதியிருந்தால், ஹைப்பர்த்ரெடிங் இல்லாத சிப்பில் பாதிக் கோர்களைச் சும்மா விட்டுவிடும். "பி இல்லையென்றால் இ" என்று இரண்டே கிளை வைத்திருந்தால் மூன்றாவது வகை எதில் விழும் என்று பாருங்கள். எண்ணை எடுத்துவிட்டு, ஓடும் நேரத்தில் கோர் வகையை இயங்குதளத்திடம் கேட்டு வாங்கும்படி மாற்றுங்கள். விண்டோஸில் ஒவ்வொரு கோருக்கும் திறன் வகுப்பு எண் கிடைக்கும், லினக்ஸில் முன்பு சொன்ன சிஸ்ஃபஸ் பட்டியல்களும் ஒவ்வொரு கோரின் உச்ச அலைவெண்ணும் கிடைக்கும்.